சாகப்போறவருக்கு என்னய்யா அடிமைப் பயம்?

பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், முத்திப்போச்சு. ராத்திரி பூரா தலையணையைக் கடிச்சுக்கிட்டு முனகுறார். மார்ஃபின் மாத்திரை கேட்டா, "அடிமையாயிடுவார் சார்"ங்கிறார் டாக்டர். மூணு மாசம் தாண்டமாட்டார்னு சொன்னதும் இதே ஆசாமிதாங்க! (இந்த லாஜிக்கில் நான் கோடு எழுதினா வேலை போயிடும்.)

1985 போதைமருந்துச் சட்டம் கெடுபிடின்னு சாக்கு வேற. அதைத்தான் 2014-லேயே திருத்தித் தளர்த்தியாச்சே? கெடுபிடி இருந்த காலத்திலேயே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால் குழு, மார்ஃபினை நோயாளிகள் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. ரெண்டு வருஷத்தில் 1723 பேர். மருந்து தப்பான வழியில் போனதா ஒரு சம்பவம்கூடத் தெரியலைன்னு 2001-ல் லான்செட் இதழில் எழுதினாங்க.

"ஒரு ராத்திரி தூங்கணும்டா"ங்கிறார் பெரியப்பா. நாளைக்கு வேற டாக்டரைப் பார்க்கப்போறோம்.