ஆடாமலிருக்க ஒரு கூலி

2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு விந்தையான செய்தி வந்தது. அந்நாட்டின் தலைசிறந்த கூடைப்பந்து வீராங்கனை டயானா டராசி, அந்த வருஷம் தம் சொந்த நாட்டு லீக்கில் ஆடப் போவதில்லை என்று அறிவித்தார். கையில் காயமில்லை, காலில் முறிவில்லை. வயது 32. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய பீனிக்ஸ் அணி லீக் கோப்பையை வென்றிருந்தது. பின் ஏன் ஆட மறுத்தார்?

குளிர்காலத்தில் அவர் ஆடிவந்த ருஷ்யக் கம்பெனியின் அணி அவரிடம் இப்படிச் சொல்லிற்று: “கோடையில் அமெரிக்காவில் ஆடாதே. வீட்டிலே ஓய்வெடு. அந்தச் சம்பளத்தை நாங்களே தந்துவிடுகிறோம்.” அவர் சம்மதித்தார்.

வேலை செய்ததற்குக் கூலி கேட்டால் குண்டாந்தடியைக் காட்டும் முதலாளிகளை நாம் அறிவோம். வேலை செய்யாமலிருக்கக் கூலி கொடுக்கும் முதலாளியும் உலகத்தில் உண்டா? உண்டு. அவனுக்கு நம்மேல் திடீரென்று கருணை பிறந்துவிட்டதா? இல்லை. என் வயலில் உழ வருகிற மாடு இன்னொருவன் வண்டியிலே களைத்துப் போகக் கூடாது என்று நினைக்கும் மிராசுதாரின் கணக்குதான் அது. மாட்டுக்குப் புல் கூடுதலாகக் கிடைத்தது உண்மை. ஆனால் மூக்கணாங்கயிறு யார் கையில் இருந்தது என்பதே கேள்வி.

இந்தப் பெண்ணின் கதையை நமது ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் தெரிந்துகொள்வது நல்லது. பந்தாட்டத்தின் பளபளப்புக்குக் கீழே கூலியின் ரகசியம் கிடக்கிறது.

டராசியின் தகப்பனார் இத்தாலியில் பிறந்து அர்ஜெண்டினாவில் வளர்ந்தவர், தாயார் அர்ஜெண்டினாக்காரர். கலிபோர்னியா மாகாணத்தின் சீனோ என்ற ஊரில் வளர்ந்த அவர், கனெக்டிகட் சர்வகலாசாலை அணிக்கு 2002, 2003, 2004 ஆகிய மூன்று வருஷமும் தேசிய வெற்றி தேடித் தந்தார். 2004இல் டபிள்யூ.என்.பி.ஏ. என்னும் பெண்கள் லீக்குக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 2004 முதல் 2024 வரை ஒலிம்பிக்கில் ஆறு தங்கப் பதக்கம் வென்றார். அந்த லீக்கில் பத்தாயிரம் புள்ளி தாண்டிய முதல் வீராங்கனை அவரே. 2025 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார்.

இப்படிப்பட்டவருக்கு அமெரிக்க லீக் கொடுத்த சம்பளம் என்ன? 2015இல் ஓர் ஆட்டக்காரி வாங்கக்கூடிய உச்ச சம்பளமே சுமார் 1,07,000 டாலர்தான். ருஷ்யாவில் அவருக்கு ஒரு பருவத்துக்கு 15 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அதாவது ஏறக்குறைய பதினாலு மடங்கு!

“லட்சக்கணக்கில் டாலர் வாங்குகிறவளுக்காக நாங்கள் ஏன் அழ வேண்டும்?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அழச் சொல்லவில்லை. யோசிக்கச் சொல்லுகிறோம். அதே பெண், அதே கை, அதே பந்து. ஓரிடத்தில் ஒரு பங்கு, இன்னோரிடத்தில் பதினாலு பங்கு. கூலி என்பது திறமைக்குத் தக்கபடி கிடைக்கிறது என்று முதலாளிகளும் அவர்களது பொருளாதாரப் பண்டிதர்களும் நமக்குப் பாடம் சொல்லுகிறார்களே, அந்தப் பாடம் இங்கே என்னவாயிற்று? விமானம் ஏறி இறங்கும் நேரத்தில் திறமை பதினாலு மடங்கு வளர்ந்துவிட்டதா?

கூலியைத் தீர்மானிப்பது திறமை மட்டுமல்ல. எதிரே நிற்பவன் யார், அவனுக்கு என்ன தேவை, நம் பக்கம் எத்தனை பேர் ஒன்றாக நிற்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் பெண்கள் லீக் 1997இல் ஆட்டத்தைத் தொடங்கியது. அதை ஆரம்பித்து வைத்தவர்கள் ஆண்கள் லீக்கின் முதலாளிமார். ஆண்களின் பருவம் முடிந்து மைதானங்கள் காலியாகக் கிடக்கும் கோடை மாதங்களிலே பெண்களை ஆடவைத்தார்கள். மீதி மாதங்களுக்கு? பிழைப்பைத் தேடிப் போ என்பதுதான் பதில். அறுவடை முடிந்ததும் பண்ணை வேலை தீர்ந்துபோய்ப் பிழைப்புக்கு வெளியூர் போகும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துருக்கி, இத்தாலி, ருஷ்யா, சீனா என்று இந்தப் பெண்கள் புறப்பட்டார்கள். கோடையில் ஓர் எஜமான், குளிர்காலத்தில் ஓர் எஜமான். உடம்புக்கு ஓய்வென்பதே கிடையாது.

டராசி மாஸ்கோவுக்கு அருகே ஸ்பார்டக் என்ற அணிக்குப் போனார். அதன் சொந்தக்காரர் ஷப்தாய் கல்மனோவிச் என்ற பெரும் வியாபாரி. வீராங்கனைகளை மாளிகையில் குடிவைத்தார்; கேட்டதைக் கொடுத்தார். அந்த அணி 2007 முதல் 2010 வரை நான்கு வருஷம் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஆனால் 2009 நவம்பர் 2ஆம் தேதி மாஸ்கோ நகர வீதியிலே கல்மனோவிச் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு தனி மனிதனின் பணப்பையை நம்பிய பிழைப்பு எவ்வளவு உறுதியானது என்பதை அன்றே காணலாம்.

அடுத்து துருக்கி நாட்டின் பெனர்பாஷே அணிக்குப் போனார். 2010 டிசம்பரில் ஊக்க மருந்து உட்கொண்டதாக அவர்மேல் பழி விழுந்தது. தாம் குற்றமற்றவர் என்று அவர் சொன்னார். கேட்பாரில்லை. 2011 ஜனவரியில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். பிப்ரவரியில் சோதனைச்சாலையே தன் முடிவை வாபஸ் வாங்கிக்கொண்டது! பழி நீங்கியது, ஆனால் போன வேலை போனதுதான். விசாரணைக்கு முன்பே தண்டனை என்பது நமது ஆலைகளில் மட்டும் நடக்கும் வழக்கமல்ல.

அதற்குப் பிறகுதான், 2012இல், எக்காத்தரீன்பர்க் நகரத்து அணிக்கு வந்தார். உரால் சுரங்க உலோகக் கம்பெனி என்ற செம்புக் கம்பெனியின் அணி அது. இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சோவியத் காலத்தில் உரால் பிரதேசத்தின் சுரங்கங்களையும் உலைக்களங்களையும் கட்டி எழுப்பியவர்கள் யார்? தொழிலாளிகள். அவை யாருடைய சொத்தாக இருந்தன? பொதுச் சொத்தாக. 1991இல் சோவியத் யூனியன் கலைக்கப்பட்டது. பின்பு பொதுச் சொத்து ஏலத்துக்கு வந்தது. ஒரு சிலர் கோடீஸ்வரர்களானார்கள். இந்தக் கம்பெனியின் பெரும் புள்ளிகளான மக்முதோவும் கோசித்ஸினும் அப்படி உயர்ந்தவர்களே. சுரங்கத் தொழிலாளி வெட்டிய செம்பிலிருந்து வந்த லாபத்தில் ஒரு துளிதான் டராசிக்குப் போன 15 லட்சம். டிக்கெட் விற்று வந்த பணமல்ல அது. கோடீஸ்வரனின் பெருமைக்கு வைத்த விலை.

பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1976இல். அன்று தங்கம் வென்றது சோவியத் பெண்கள் அணி. 1980லும் வென்றது அதுவே. அதே மண்ணிலே பின்னாளில் விளையாட்டு ஒரு சீமானின் கௌரவப் பொருளாகிவிட்டது.

சீமானின் தயவு எந்நாளும் நிலைக்குமா? 2022 பிப்ரவரி 17ஆம் தேதி டராசியின் பீனிக்ஸ் அணித் தோழி பிரிட்னி கிரைனர், எக்காத்தரீன்பர்க் அணியில் ஆடுவதற்காக மாஸ்கோ விமான நிலையத்தில் வந்திறங்கினார். பெட்டியில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்ததாகக் கைதானார். ஒரே வாரத்தில் உக்ரைன் யுத்தம் வெடித்தது. ஆகஸ்ட் 4ஆம் தேதி 9 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்கச் சிறையிலிருந்த ஆயுத வியாபாரி விக்டர் பூட்டுக்கு மாற்றாக டிசம்பர் 8ஆம் தேதி அவர் விடுவிக்கப்பட்டார். இரண்டு சர்க்கார்களின் பேரத்தில் ஒரு தொழிலாளி பண்டமாற்றுச் சரக்கானார்.

அமெரிக்கப் பத்திரிகைகள் ருஷ்யாவின் கொடுமையைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. ஆனால் அவர் ஏன் அங்கே போக நேர்ந்தது? சொந்த நாட்டு லீக்கின் உச்ச சம்பளக்காரர்களில் ஒருவரான அவருக்கு அந்த ஆண்டு கிடைத்தது சுமார் 2,28,000 டாலர். ருஷ்யாவில் பத்து லட்சத்துக்கும் மேல் என்று சொல்லப்பட்டது. விமானத்தில் ஏற்றிவிட்டது அந்த வித்தியாசம்தான். கொள்ளிக்கட்டையைக் காட்டிவிட்டு அடுப்பை மறைப்பது முதலாளித்துவப் பத்திரிகைகளின் பழைய வித்தை.

வழி என்ன? இன்னும் பெரிய கோடீஸ்வரனைத் தேடுவதா? இந்தப் பெண்கள் கண்ட வழி வேறு. 1998இலேயே அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 2018இல், பழைய ஒப்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் வந்தது. உச்ச சம்பளம் 2,15,000 டாலராக உயர்ந்தது. பேறுகால விடுப்பில் முழுச் சம்பளம் கிடைத்தது. டராசி ஒருவர் ஆடாமலிருந்து வாங்கியது ஒருவருக்குப் போயிற்று. சங்கம் வாங்கியது அத்தனை பேருக்கும், அடுத்து வருகிறவர்களுக்கும் சேர்ந்தது.

ஆனால் முதலாளி ஒரு கையால் கொடுக்கும்போது மறு கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் இருந்தது. வெளிநாட்டில் ஆடிவிட்டுத் தாமதமாக வந்தால் 2023இல் அபராதம். 2024 முதல், பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் வராவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் வேலையில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. வெளியே போகும் வாசல்தான் அவர்களது பேரசக்தி. அந்த வாசலுக்கே பூட்டுப் போட்டார்கள். சங்கம் வென்றது உண்மை, விலை கொடுத்ததும் உண்மை. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது கூலிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாதே என்பதே இதில் நமக்குப் பாடம்.

“லீக் நஷ்டத்தில் நடக்கிறதே, எப்படிக் கொடுப்பது?” என்று முதலாளிமார் கேட்டார்கள். இந்தப் பாட்டை நாம் கேட்டதில்லையா? பஞ்சப்படி கேட்கும்போதெல்லாம் ஆலை நஷ்டத்தில்தானே ஓடுகிறது! நஷ்டக் கடையின் நிலைமையைப் பாருங்கள். 2024இல் அந்த லீக்கின் ஒளிபரப்பு உரிமை 11 வருஷத்துக்குச் சுமார் 220 கோடி டாலருக்குப் போயிற்று. 2023இல் ஒரு புதிய அணியைச் சேர்க்க வாங்கிய கட்டணம் 5 கோடி டாலர். 2025இல் மூன்று புதிய அணிகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 25 கோடி! நஷ்டக் கடைக்குள் நுழைய இத்தனை விலை கொடுக்க எந்த முதலாளி வரிசையில் நிற்பான்? ஆண்கள் லீக்கில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. பெண்களுக்குக் கிடைத்ததோ பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே நின்றது என்று கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

2024 அக்டோபரில் சங்கம் மீண்டும் நோட்டீஸ் கொடுத்தது. 2025 ஜூலையில் இந்தியானாபொலிஸ் நகரத்தில் நட்சத்திர ஆட்டக்காரிகளின் காட்சிப் போட்டி. இரு அணியாரும் ஒரே வாசகம் எழுதிய சட்டையோடு மைதானத்துக்கு வந்தார்கள். எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தா என்பதே அதன் பொருள். “அவர்களுக்குக் கொடு!” என்று கூடியிருந்த ஜனங்கள் கோஷமிட்டார்கள்.

தானம் என்று அவர்கள் கேட்கவில்லை, பாக்கி என்று கேட்டார்கள். களத்துமேட்டில் மரக்காலைத் தட்டி அளக்கும்போது நாம் கேட்பதும், ஆலை வாசலில் போனஸ் நாளன்று கேட்பதும் இதே சொல்தான். ஒருத்தியை ஓய்வெடுக்கச் சொல்லிப் பணம் கொடுக்கக் கோடீஸ்வரர்களால் முடிந்தது. எல்லோரும் சேர்ந்து நின்று பாக்கியைக் கேட்டபோது, அவர்களை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குப் பணம் எந்தக் கோடீஸ்வரனிடமும் இருக்கவில்லை.