நாயின் வலிப்பும் வீட்டுக் கதவும்

சென்ற திங்கள், கெலிஓயாவில் நான் வசிக்கும் பழைய வீட்டின் கதவுகளுக்குப் புதுத் தீந்தை பூசுவித்தேன். பழைய பூச்சை உலரச் சுரண்டிய தூள் முற்றமெங்கும் படிந்தது. சில நாள் கழிய, எங்கள் நாய்க்குட்டி உணவை வெறுத்தது, வாந்தியெடுத்தது, பின்னர் வலிப்புக் கண்டு விழுந்தது. "ஐயா, விசர் பிடித்துவிட்டது; அடித்துப் போடுங்கள்" என்றார் அயலவர். மிருக வைத்தியரோ, "வீட்டுக்கு அண்மையில் தீந்தை பூசினீர்களா?" என்று வினவினார். குருதிச் சோதனை ஈயத்தைக் காட்டிற்று.

ஈயம் உடலிற் கல்சியத்தின் இடத்தைப் பறித்து, நரம்பைத் தாக்கி, எலும்பிலே தங்குவது. முதிர்ந்த நாயினும் குட்டியே அதனை மிகுதியாக உறிஞ்சும். வைத்தியத்தில் வரிசை முக்கியம். முதலிற் குடலிற் கிடக்கும் ஈயத்தை அகற்றவேண்டும். பின்னரே, ஈயத்தைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றும் கல்சியம் ஈ.டி.டி.ஏ. போன்ற மருந்து. வரிசை மாறினால் குடலிலுள்ள ஈயமும் குருதியில் ஏறக்கூடும். மருந்தோ சிறுநீரகத்தையும் வருத்த வல்லது. ஆதலால் கைவைத்தியம் ஆகாது.

தீந்தையில் ஈயத்துக்கு எல்லை வகுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் விடுத்த கட்டளை 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனாமல் தீந்தைக்கு அன்று விதித்த எல்லை பத்து இலட்சத்தில் 600 பங்கு. ஆயின் சட்டம் கடையிலுள்ள தகரத்தைத்தான் கட்டுப்படுத்தும். அதற்கு முன்னரே பூசிய கதவை அது தொடுவதில்லை. அக்கதவைச் சுரண்டும் நாளே ஆபத்தான நாள்.

அமெரிக்காவின் பிளின்ட் நகரத்துக் குடிநீரில் 2014 முதல் ஈயம் கலந்தபோது, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் அந்நகரத்து நாய்களின் குருதியையும் சோதித்தனர். மனிதரும் நாயும் ஒரே நீரைக் குடித்தனர் அன்றோ?

எம் முற்றத்திலே தவழ்ந்ததும் நாய்க்குட்டி மட்டுமன்று, என் பேரனுந்தான். ஈயத்துக்குத் தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மறுநாளே அவன் குருதியையும் சோதிக்கக் கொடுத்தேன்.

பழைய பூச்சை நனைத்தே சுரண்டுங்கள். தூளை ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தையையும் பிராணியையும் அப்பால் வையுங்கள். வலிப்புக் கண்ட நாயை வெறுங்கையால் தொடாதீர்கள். விசரென ஐயுறுவது அறிவே. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டியவர் வைத்தியர், தடியன்று. குட்டி பிழைத்தது. அது விழுந்திராவிடில், பேரனைப் பற்றி நான் எண்ணியே இருக்கமாட்டேன்.