முதல் தோட்டமா? மண்ணுல ஆரம்பிங்க, பைப் அப்புறம் பாத்துக்கலாம்



மாசி மயானக் கொள்ளைக்கு மெட்ராஸ்லேர்ந்து பொண்ணும் மாப்பிள்ளையும் மேல்மலையனூர் வந்திருந்தாங்க. கோயில் கூட்டத்துல இடிபட்டு வீடு வந்து திண்ணையில உக்காந்தப்ப மாப்பிள்ளை கேட்டாரு. “மாமா, பால்கனியில செடி வைக்கலாம்னு இருக்கோம். மண்ணே இல்லாம பைப்புல தண்ணியிலயே வளக்குறாங்களே, ஹைட்ரோபோனிக்ஸ். ஒரு செட் 18,000 ரூபா சொல்றாங்க. போடட்டுமா?”

“மண்ணு இல்லாம என்ன வெவசாயம்?”னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன். அவர் கேக்கறது மூணடி அகல பால்கனிக்கு, என்னோட ரெண்டு ஏக்கருக்கு இல்ல. அதனால யோசிச்சுதான் பதில் சொன்னேன். நீங்களும் நெறைய பேரு இதே கேள்வியில நிக்கறீங்கன்னு தெரியும். அதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. தண்ணி வெவசாயம் ஏமாத்து வேலை இல்ல. 1930-கள்லயே கலிபோர்னியாவுல கெரிக்கேங்கிற பேராசிரியர் தொட்டியில சத்துத் தண்ணி ஊத்தி ஆள் உசரத்துக்கு மேல தக்காளி வளத்துக் காட்டியிருக்காரு. நம்ம நாட்டுலயும் 1946-ல டார்ஜிலிங் பக்கம் காலிம்போங்ல ஷோல்டோ டக்ளஸ்ங்கறவர், மோட்டார் இல்லாம ஏழை ஜனங்க செய்யற மாதிரி ஒரு முறையைப் பழக்கினாரு. செடிக்கு வேணுங்கறது தண்ணி, காத்து, வெயில், சத்து. இது நாலும் வேருக்கும் இலைக்கும் சரியாப் போச்சுன்னா, மண்ணு இல்லேன்னு செடி கோவிச்சுக்காது.

அப்ப மண்ணு எதுக்கு? நாம செய்யற தப்பைத் தாங்கறதுக்கு.

எரு கொஞ்சம் கூடிப்போச்சா, மண்ணு புடிச்சு வெச்சுக்கிட்டு மெதுவா விடும். ஒருநாள் தண்ணி ஊத்த மறந்துட்டீங்களா, அடி ஈரத்துல செடி நிக்கும். தண்ணியில அந்தத் தாங்கல் கிடையாது. புளிப்பு அளவு, அதான் பிஹெச், 5.5-லேர்ந்து 6.5-க்குள்ள இருக்கணும். தவறிப் போச்சுன்னா சத்து தண்ணியில இருந்தும் வேர் எடுத்துக்காது. இலை வெளுக்கும். தண்ணி சூடாயிட்டா அதுல இருக்கற காத்து கொறைஞ்சு வேர் அழுகும். சித்திரை வெயில்ல மொட்டை மாடித் தொட்டித் தண்ணி எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும். அப்பார்ட்மெண்ட் போர் தண்ணி உப்பா இருந்தா அது தனித் தலைவலி.

மாப்பிள்ளையோட கூட வேலை செய்யறவர் வீட்டுல நானே பாத்திருக்கேன். பைப்புல வரிசையா கீரை. பாக்க அவ்வளவு அழகு, பூச்சி கூட இல்ல. ரெண்டு நாள் சொந்த ஊருக்குப் போயிட்டு வந்தாரு. நடுவுல கரண்ட் ட்ரிப் ஆகி மோட்டார் நின்னு போச்சு. அத்தனையும் வெந்த கீரை மாதிரி தொங்கிடுச்சு. ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்துற மாதிரிதான் இது. பாட்டில் தீர்றப்ப பக்கத்துல ஆள் இருக்கணும். புதுசா ஆரம்பிக்கறவரு செடியப் படிக்கறதுக்கு முன்னாடி மோட்டாரையும் மீட்டரையும் படிக்க வேண்டியிருக்கு. செடி செத்தா எதனாலன்னும் தெரியாது. “நமக்குக் கை ராசி இல்ல”ன்னு விட்டுடுவாங்க. என் கவலை அதுதான். 18,000 ரூபா போறதை விட அந்த ஆசை போறதுதான் பெரிய நஷ்டம்.

இன்னொண்ணு. மண்ணு இல்ல, அதனால சுத்தமான ஆர்கானிக்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுல ஊத்தறது கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் மாதிரி உப்புங்கதான். அது விஷம்னு சொல்லல, நானும் நெல்லுக்கு யூரியா போடறவன்தான். தெரிஞ்சு வாங்குங்கன்னு சொல்றேன்.

தண்ணி மிச்சமாகுமேன்னு மாப்பிள்ளை கேட்டாரு. நியாயம்தான். 2019-ல மெட்ராஸ் ஏரிங்க வறண்டு குடத்தோட நின்னதை யாரும் மறக்கல. ஆனா அந்த மிச்சம் பெரிய பண்ணைக்குப் பெருசு. பால்கனியில நாலு பை வெச்சா காய்கறி அலசின தண்ணியே பாதிக்கு மேல ஆகும்.

“அப்ப நம்ம கொல்லையிலேர்ந்து பத்து மூட்டை செம்மண்ணு கார்ல போட்டுக்கறேன் மாமா”ன்னாரு. அதுக்கும் வேணாம்னுட்டேன். மேல்மண்ணு எங்களுக்கு முதல் மாதிரி. அதை லாரி லாரியா பட்டணத்துக்கு அனுப்பிட்டு நாங்க எதுல மல்லாட்டை போடறது? அதோட, சுத்தச் செம்மண்ணு 12 அங்குலப் பையில நனைஞ்சா 35 கிலோ வரும். தண்ணி ஊத்த ஊத்த இறுகி வேர் மூச்சு விடாது.

நான் சொன்ன கணக்கு இதுதான். செம்மண்ணு ஒரு பங்கு, நல்லா அலசி உப்பு போன தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ரெண்டு மூட்டை மண்ணு போதும், அது வருஷக்கணக்கா வரும். ஒவ்வொரு அறுப்புக்கும் அப்புறம் சமையக்கட்டுக் கழிவை மக்க வெச்சு அதுலயே போடணும். கவர்மெண்டும் 2013-14-ல சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் மாடித் தோட்டத் தளை கொடுக்க ஆரம்பிச்சப்ப நார்க்கழிவுக் கட்டியத்தான் கொடுத்தாங்க. எடை கம்மி, அதான் காரணம்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஒரு ஞாயித்துக்கெழமை பூரா பால்கனியில எத்தனை மணி நேரம் வெயில் விழுதுன்னு பாருங்க. நாலு மணி நேரமாவது இல்லேன்னா மண்ணும் தோக்கும், பைப்பும் தோக்கும். வீட்டுக்குள்ள வளக்கணும்னா ரெண்டுக்குமே லைட்டு செலவு உண்டு. மொதல்ல தக்காளி, கத்திரின்னு போகாதீங்க. முளைக்கீரை, வெந்தயக்கீரை, புதினா போதும். கீரை 25 நாள்ல பலன் காட்டிடும். காலையில விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா தண்ணி ஊத்தாதீங்க. அந்த விரல்தான் உங்க மீட்டர். அது பழகின பிறகு, ரெண்டாவது வருஷம் பைப் போடுங்க. நான் தடுக்க மாட்டேன். வந்து பாக்கறேன்.

போன வாரம் பாப்பா போட்டோ அனுப்பியிருந்தது. ரெண்டு பை முளைக்கீரை. எங்க வீட்டு ஆடு ஒரே வாயில தின்னுடும், அவ்வளவுதான் இருக்கு. “அப்பா, பூச்சி ஓட்டை போட்டிருக்கு, என்ன செய்யறது?”ன்னு கேட்டுச்சு. ஓட்டை இல்லாத இலையா பறிச்சு இன்னிக்கே கடைஞ்சுடும்மா, மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் கரைசல் அடின்னேன். மாப்பிள்ளை பின்னாலேர்ந்து, “மாமா, பக்கத்துல ஒரு பக்கெட்ல தண்ணியிலயும் நாலு செடி வெச்சிருக்கேன்”ன்னாரு.

வெக்கட்டும். ஆடி அமாவாசைக்கு வர்றப்ப ரெண்டுலயும் ஒரு கட்டு கொண்டாரச் சொல்லியிருக்கேன். எது ருசின்னு வீட்டுக்காரம்மா சொல்லட்டும், அதையும் எழுதறேன்.