எழுபது மதிப்பெண் விளையாட்டு: திறனாய்வாளர்களுக்கு ஒரு மறுப்பு



அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் நடந்தது. கூலிம் ஹைடெக் பூங்காவில் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை முடித்து, வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருந்தார் ஒரு தந்தையார். மகனின் கட்டுரை ஏட்டை அவர்முன் விரித்து வைத்தேன். 'என் இலட்சியம்' என்பது தலைப்பு. முதற்பக்கம் முழுவதும் குறுக்குக் கோடுகளால் அடிக்கப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் 'நான் பொறியியலாளர் ஆவேன்' என்று ஐந்தே வரிகள். அடிக்கப்பட்ட பக்கத்தை உற்றுப் படித்தேன். 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' போன்ற விளையாட்டுகளுக்கு இசையமைக்க விரும்புவதாக இருபது வரிகளில் எழுதியிருந்தான் பையன்.

"நான்தான் அடிக்கச் சொன்னேன், ஐயா" என்றார் தந்தையார். "அந்த விளையாட்டை இணையத்தில் தேடிப் பார்த்தேன். நூற்றுக்கு எழுபதுதான் போட்டிருக்கிறார்கள். பெரிய ஆள்கள் செய்ததற்கே அவ்வளவுதான் என்றால் இவன் எங்கே போய் நிற்பான்?"

அவரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருடைய தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1996இல் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் இவ்வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் பலருக்கு ஆலைவேலை கிடைத்தது. மகன் அதற்கும் ஒருபடி மேலே போகவேண்டும் என்று அவர் நினைப்பது இயற்கை. என் சினமெல்லாம் அந்த 'எழுபது' மீதுதான்.

எது அந்த விளையாட்டு?

2020 ஆகஸ்டு 25இல் வெளிவந்தது 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்'. உருவாக்கியது கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம். தொடங்கியவர்கள் இருவரும் நம் நாட்டினர். 'ஃபைனல் ஃபேண்டசி 15' விளையாட்டின் வடிவமைப்பில் பணியாற்றியவர் வான் ஹஸ்மர். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' விளையாட்டுக்கு ஓவியம் வரைந்தவர் டாயிம் ஜியாவுடின். ஜப்பானில் கற்ற தொழிலைத் தாய்நாட்டிற்குக் கொண்டுவந்தார்கள்.

கதை இதுதான். இசையிலிருந்து மின்சாரம் எடுத்து நகரையே ஆள்கிறது ஒரு நிறுவனம். அங்கே மின்னணு நடன இசைக்கு மட்டுமே இடம். மேடே என்னும் கித்தார்க்காரியும் ஜூக் என்னும் டிரம்ஸ் வாசிப்பவனும் ராக் இசை வாசித்ததால் தேர்வில் தள்ளப்படுகிறார்கள். நகரின் ஒரு பகுதி இருளில் கிடக்க, வசதி படைத்தோர் பகுதிக்கு மட்டும் விளக்கெரிவதைக் கண்டு, அந்நிறுவனத்தின் கலைஞர்களை ஒவ்வொருவராக மேடையிலேயே எதிர்கொள்கிறார்கள். கித்தாரும் முழவுக்கோலுமே ஆயுதங்கள்.

திறனாய்வாளர்கள் இதன் இசையையும் ஓவியத்தையும் புகழ்ந்தார்கள். மற்றவற்றைக் கடிந்தார்கள். இனி, அவர்களுடைய குற்றச்சாட்டுகளை வரிசையாகப் பார்ப்போம்.

1. "இது தாள விளையாட்டே அன்று!"

தாள விளையாட்டு என்றால் திரையில் குறி வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும், தவறினால் புள்ளி குறையும் என்பது அவர்கள் கையில் வைத்திருந்த விடைப்பட்டியல். இங்கே ஆடுபவர் எந்த நேரத்திலும் அடிக்கலாம். எதிரிகளும் தடைகளும்தாம் தாளத்திற்கேற்ப இயங்குகின்றன. ஆதலால் 'தாளம் பெயரளவுக்கே' என்று எழுதிவிட்டார்கள்.

பள்ளித் திடலில் சிறுமியர் கயிறு தாண்டுவதைப் பார்த்ததில்லையா? கயிறு தன் தாளத்தில் சுழல்கிறது. தாண்டுபவள் தாளம் போடுவதில்லை. அதைக் கேட்டு, உள்ளே நுழைகிறாள். அவளைப் பார்த்து 'உனக்குத் தாளமே தெரியாது' என்று யாராவது சொல்வார்களா? இவ்விளையாட்டு அந்தக் கயிற்றைத்தான் சுழற்றுகிறது. காதைத் தீட்டியவனுக்கு எதிரியின் அடுத்த அடி எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரியும். கண்ணை மட்டும் நம்புபவன் அடிவாங்குவான். கேட்டல் திறனை வளர்க்க நாம் வகுப்பில் படாதபாடு படுகிறோமே, அதே திறன்தான் இது!

2. "மிகவும் சிறியது!"

உண்மை, சில மாலைப்பொழுதுகளில் கதை முடிந்துவிடும். வாங்கும் பெற்றோர் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நியாயமே. ஆயினும் நீளத்தைத் தகுதியாகக் கொள்வது எந்த ஊர் வழக்கம்? அளவோடு எழுதி முடித்த மாணவனைவிடச் சொன்னதையே சொல்லி நான்கு பக்கம் நிரப்பியவனுக்கு நாம் கூடுதல் மதிப்பெண் தருகிறோமா?

3. சொல்லாமல் விட்ட குற்றம்

எனக்கு மிகவும் வலித்தது இதுதான். விளையாட்டின் நடுவே ஜூக்கின் அண்ணன் தோன்றித் தம்பியைச் சொற்போருக்கு அழைக்கிறான். அவன் மலாய்மொழியில் ராப் பாடுகிறான். அவனுக்குப் பின்னால் எழுவன வாயாங் கூலிட் நிழல் உருவங்கள்! கிளந்தானில் இராமாயணக் கதையை ஆடிவரும் கலை அது. நம் கெடாவிலும் ஜித்ரா வட்டாரத்தில் அதற்கு ஒரு மரபு உண்டு. தமிழகத்தின் தோற்பாவைக் கூத்துக்கு உறவுமுறை. அத்தகைய கலை உலகத்தார் ஆடும் விளையாட்டுக்குள் போய் நிற்கிறது. நான் படித்த திறனாய்வுகளுள் பெரும்பாலானவற்றில் அதன் பெயர்கூட இல்லை. தெரியாததைக் கேட்டறிவது திறனாய்வாளன் கடமை அன்றோ?

ஒப்புக்கொள்ள வேண்டியவை

ஒருதலையாக எழுதுவது ஆசிரியனுக்கு அழகன்று. கேமராக் கோணம் சில இடங்களில் சதி செய்கிறது. தாவும்போது தொலைவைக் கணிக்க முடிவதில்லை. கடைசிப் பகுதியில் கதை அவசரப்படுகிறது. இவற்றுக்குப் புள்ளி குறைத்தால் நான் வாய்திறக்க மாட்டேன். நம்மவர் செய்தது என்பதற்காக இரக்க மதிப்பெண் போடும்படியும் கேட்கவில்லை. கேட்ட வினாவிற்கு எழுதிய விடையைத் திருத்துங்கள் என்கிறேன்.

எண்ணின் கொடுமை

இந்த எழுபது எப்படிப் பிறக்கிறது? ஒருவர் பத்துக்கு ஏழு தருகிறார். இன்னொருவர் ஐந்துக்கு மூன்றரை விண்மீன் தருகிறார். மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்கள் அனைத்தையும் நூற்றுக்கு மாற்றிச் சராசரி காண்கின்றன. காரணங்கள் உதிர்ந்துபோகின்றன, எண் மட்டும் நிற்கிறது. அந்த எண் பிறர் சோற்றிலும் கைவைக்கும். 2010இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' விளையாட்டின் படைப்பாளர்களுக்கு, அத்தளத்தில் 85 கிடைத்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. ஊக்கத்தொகை போயிற்று!

ஆசிரியர்களே, நாமே இதைக் கடந்து வந்தவர்கள்தாமே? 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை அரசு நீக்கியது. பன்னிரண்டு வயதுக் குழந்தையை ஒரு தேர்வின் முடிவால் எடைபோடுவது தவறு என்று உணர்ந்தோம். இன்று வகுப்புசார் மதிப்பீட்டில் ஆண்டு முழுவதும் கவனித்து, காரணம் எழுதி, அடைவுநிலை குறிக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பழக்கத்தை, பிள்ளைகள் விரும்பும் கலைக்கு மட்டும் ஏன் பொருத்துகிறோம்?

பெற்றோருக்கு ஒரு காட்சி

இவ்விளையாட்டில் யீனு என்று ஒன்பது வயதுப் பியானோ மேதை வருகிறாள். மேடையில் அவளைத் தனியே விடாத தாயும் வருகிறாள். மகளைக் காக்கும் வேகத்தில் அத்தாய் பேருருக் கொண்டு அரங்கையே நொறுக்குகிறாள். அவளைக் கொடியவளாகக் காட்டவில்லை. அன்பு அளவு மீறினால் என்னவாகும் என்று காட்டியிருக்கிறார்கள். மேடேயும் ஜூக்கும்கூடக் குற்றமற்றவர்கள் அல்லர். தங்கள் புரட்சியால் நகருக்கு நேர்ந்த கேட்டையும் இறுதியில் எதிர்கொள்கிறார்கள். 'நேரான சாலை எதுவும் இல்லை' என்ற பெயருக்கு இதைவிட நல்ல பொருள் வேண்டுமா?

அந்தத் தந்தையாரிடம் இவ்வளவையும் நான் பேசவில்லை. "இன்றிரவு பையனோடு அமர்ந்து ஒரு கட்டம் மட்டும் ஆடுங்கள், ஐயா. இருவர் சேர்ந்தே ஆடலாம்" என்றேன். "எனக்கு இரவு வேலை" என்றார். சற்றுநேரம் அந்த அடித்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்" என்றார்.

அந்த இருபது வரிகளில் மூன்றே மூன்று எழுத்துப்பிழைகள்தாம். அவற்றைத் திருத்தி, பக்கத்தின் ஓரத்தில் 'நன்று, தொடர்க' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எதையேனும் விரும்பினால், இணையத்தில் அதன் மதிப்பெண்ணைத் தேடுமுன் அவனருகில் அமர்ந்து கேளுங்கள். அதன் பிறகு வேண்டாம் என்று சொன்னாலும், அது உங்கள் சொந்தத் தீர்ப்பாக இருக்கட்டும்.

சிந்திப்போம்!