சாலைக்கு இரும்பு ஆணி, லயத்துக்கு நோட்டீசா?

நீலகிரியில் மழைக்காலம் வந்தால் இரண்டு காட்சிகளைப் பார்க்கிறோம். சாலையில் மண் சரிந்தால் உடனே பொக்லைன் வருகிறது. மலைச்சரிவில் உள்ள லயத்துக்கும் காலனிக்கும் 'முகாமுக்குப் போங்கள்' என்ற அறிவிப்பு வருகிறது. மழை விட்டதும் மக்கள் அதே சரிவுக்குத்தான் திரும்புகிறார்கள்.

சரிவை உறுதிப்படுத்தும் வழி தெரியாமல் இல்லை. மழைநீர் மேல்மண்ணில் இறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. ஒரு கட்டத்தில் மேல்மண் மொத்தமாக வழுக்கி இறங்குகிறது. இதைத் தடுக்கச் சரிவில் துளையிட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, சிமென்ட் கரைசல் நிரப்பி, கம்பிவலை விரித்துப் புல் வளர்க்கிறார்கள். இதுவே மண் ஆணி முறை. இன்னும் ஆழமாகச் சரியும் இடங்களில் கான்கிரீட் தூண்களை வரிசையாக, வழுக்கும் மண்ணைக் கடந்து கெட்டியான அடித்தளம் வரை இறக்குகிறார்கள். மேல்மண் தள்ளும் விசையைத் தூண் வாங்கி அடித்தளத்துக்குக் கடத்துகிறது. கூடவே நீர் வடியவும் வழி வேண்டும். நீர் தேங்கினால் தூணுக்கும் ஆபத்துதான்.

நீலகிரியின் மலைச் சாலைகள் சிலவற்றில் மண் ஆணி அடிக்கப்பட்டிருக்கிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. அந்தச் சாலையில்தான் நம் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் வண்டி சில நொடிகளில் கடக்கும் சரிவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, குடும்பங்கள் இரவெல்லாம் படுத்துறங்கும் சரிவுக்கு ஏன் கிடைப்பதில்லை?

2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டனர். கயத்தாறு உள்ளிட்ட தென்மாவட்ட ஊர்களைப் பூர்வீகமாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவை, பலர் தலித்துகள். அவர்கள் அந்த இடத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மலையில் உழைத்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள், நிர்வாகம் கட்டித் தந்த இடத்தில்தான் இருக்க முடியும்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981-இல் ஒரு திருத்தம் வந்தது. நிர்வாகம் தந்த வீடு இடிந்து தொழிலாளி இறந்தால் நிர்வாகமே இழப்பீடு தர வேண்டும் என்றது அது. ஆனால் 'இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் பொருந்தாது' என்ற விலக்கும் சேர்ந்தே வந்தது. மழை இயற்கையானது. சரிவின் அடிவாரத்தை வெட்டியதும், ஓடை வழியை அடைத்ததும், அங்கேயே வீட்டைக் கட்டியதும் இயற்கையா?

தூணும் ஆணியும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையை அழித்ததுபோல, பாறையும் மரமும் சேறுமாக மேலிருந்து பாய்ந்து வருவதன் முன் அவை நிற்காது. அத்தகைய இடங்களில் மாற்றுக் குடியிருப்பே தீர்வு. அது பட்டாவோடு, வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நாம் கேட்பது இவைதான். ஒவ்வொரு லயத்துக்கும் காலனிக்கும் மேலுள்ள சரிவை நிலவியல் வல்லுநர்கள் ஆய்வு செய்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். காக்கக்கூடிய சரிவுகளில் அடுத்த மழைக்கு முன் வடிகாலும், தேவையான இடத்தில் ஆணியும் தூணும் அமைய வேண்டும். லயங்களுக்கான செலவைத் தோட்ட நிர்வாகமும் காலனிகளுக்கான செலவை அரசும் ஏற்க வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குவோம். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த ஆய்வறிக்கையைப் படித்து ஊருக்கு விளக்கட்டும்.

முகாமில் தரும் பாயும் போர்வையும் ஒரு வார மழைக்கு மட்டுமே. நமக்கு வேண்டியது, மழை இரவிலும் அச்சமின்றி உறங்கச் சொந்த வீடு.