வாய்ச்சொல்லில் நிற்கும் வாடகை வீடு

வயலை விற்று, சேமநிதியைச் சேர்த்து, வெள்ளவத்தையில் நான்கு குடித்தனத்துக்கு வீடு கட்டியவரைப் பெருமுதலாளியென எண்ணுதல் தவறு. ஒரு பகுதி மூன்று மாதம் வெறுமையாய்க் கிடந்தாலே ஆதனவரியும் பழுதுபார்ப்பும் அவரைத் திணறச் செய்யும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காக்கப் பிறந்தது. அந்நோக்கத்தை நாம் குறை கூறோம். எவரும் வீதியில் நிற்றலாகாது. ஆயினும், வீட்டை மீட்கும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறிருந்தும் நம்மவர் வாய்ச்சொல்லை நம்பியே சாவியைக் கொடுக்கின்றனர்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படல் வேண்டுமென 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமே விதித்தது. உறுதிக்குச் செலவிட அஞ்சுவோர், வழக்குக்கு அதனினும் பன்மடங்கு செலவிடுவர். உறுதி எழுதுக, வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க. இருபாலாருக்கும் அதுவே காவல்.