பேரிக்காய் சாப்பிட்டால் நடனமா?

நவீன நடனம் பார்க்கப் போனேன் என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். மூன்று கேள்விகள் வரும். ஒன்று, "சினிமாப் பாட்டுக்கு ஆடறாங்களே, அதுவா?" இரண்டு, "ஏதாவது புரிஞ்சுதா?" மூன்றாவதை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "டிரஸ் எப்படி?"

வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பாதி. உங்களையும் என்னையும் போல பேண்ட், டி-ஷர்ட்தான், அதுவும் துவைத்துத் துவைத்து வெளுத்தது.

மூன்றாவது பதிலைக் கேட்டவுடன் பாதிப் பேர் இந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். மிச்சமிருக்கும் நல்லவர்களுக்காக எழுதுகிறேன்.

சினிமாவில் டான்ஸ் மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார் இல்லையா? யார், எங்கே, எப்படி அசைய வேண்டும் என்று தீர்மானிப்பவர். நவீன நடனத்திலும் அவர் உண்டு. நடன அமைப்பாளர் என்று பெயர். வித்தியாசம் என்னவென்றால் இங்கே ஹீரோ கிடையாது, கதை கிடையாது, பல சமயம் பாட்டும் கிடையாது. சம்பளம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சமீபத்தில் சென்னையில் ஒரு சின்ன அரங்கத்தில் புதிதாக நடனம் அமைக்க வந்திருக்கும் மூன்று இளைஞர்களின் படைப்புகளை ஒரே மாலையில் காட்டினார்கள். ஆளுக்கு இருபது நிமிஷம். "அனுமதி இலவசம்" என்ற இரண்டு வார்த்தைகளைப் பார்த்து எங்கள் அக்கௌன்ட்ஸ் நண்பரும் கூடவே கிளம்பிவிட்டார். நூறு நாற்காலி. அறுபது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதி, ஆடுகிறவர்களின் சொந்தக்காரர்கள் என்பது மடியில் இருந்த டிபன் கேரியரில் தெரிந்தது.

முதல் அயிட்டம். விளக்கு வந்தது. மேடையில் ஒரு பையன் குப்புறப் படுத்திருந்தான். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"ஸார், ஆரம்பிச்சாச்சா?" என்றார் நண்பர்.

"ஆரம்பிச்சாச்சு."

"இல்ல, பையனுக்கு உடம்பு ஏதும்..."

"ஷ்ஷ்."

நாலாவது நிமிஷம் அவன் தோள்பட்டை எலும்பு மட்டும் மெதுவாக மேலே வந்தது. வேடிக்கை என்ன தெரியுமா? அதுவரை செல்போனைத் தடவிக்கொண்டிருந்த அறுபது பேரும் அந்த ஒரு எலும்புக்காக முன்னால் சாய்ந்தார்கள். அசையாத உடம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் முதலில் ஃபேன் சத்தம் கேட்கிறது. அப்புறம் அவன் மூச்சு கேட்கிறது. அதற்கப்புறம் ஒரு விரல் எழுந்தால்கூட அது பெரிய சம்பவமாகிவிடுகிறது. அவன் முழுதாக எழுந்து நிற்கப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. யோசித்தால் அதிகமில்லை. அதே காரியத்துக்கு நாமெல்லாம் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டோம். அப்போதும் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

இரண்டாவதில் இரண்டு பெண்கள், ஒரு பிளாஸ்டிக் குடம். கையால் தொடாமல் முதுகு, முழங்கை, கழுத்து என்று ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குக் குடம் போய்க்கொண்டே இருந்தது. ஆரம்பம் பிரமாதம். நடுவில் ஐந்து நிமிஷத்தை வெட்டியிருக்கலாம். ஒரு தடவை குடம் கீழே விழுந்து உருண்டது. அது ஒத்திகையில் இருந்ததா, விபத்தா என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாவதில் ஓர் இளைஞர் முழுக்கைச் சட்டையோடு, கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். வலது கை மேலே போய் ரயிலில் பிடியைப் பிடித்தது. அட்டையைத் தேய்த்தார். உட்கார்ந்தார். தட்டச்சினார். கழுத்தைச் சொடுக்கினார். எழுந்தார். மறுபடி பிடி. இதே வரிசை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகமாக. பிறகு ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. அட்டை போயிற்று. தட்டச்சு போயிற்று. உட்காருவது போயிற்று. கடைசியில் எதுவும் மிச்சமில்லாமல், இல்லாத ஒரு பிடியைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் உயரே நின்றது. விளக்கு அணைந்தது.

அதுவரை எனக்கு நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்த நண்பர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "ஸார், அது நான்தான் ஸார்" என்றார். இருபது வருஷமாகத் தாம்பரம் லைனில் வருகிறவர். யாரும் அவருக்கு அர்த்தம் சொல்லவில்லை.

முடிந்ததும் ஆடியவர்களோடு பேசலாம் என்றார்கள். அந்த மூன்றாவது இளைஞர் பகலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடியில் ஒத்திகை, ஆறு மாசமாக. "நிறையக் குதிக்கிற மாதிரிதான் முதல்ல அமைச்சேன். கீழ் போர்ஷன்காரங்க தலைக்கு மேல திம்முதிம்முன்னு சத்தம் வருதுன்னு சொல்லிட்டாங்க. அதனால குதிக்கிறதையெல்லாம் எடுத்துட்டேன்" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நடனம் தரையோடு ஒட்டிக்கொண்டு அப்படி ஒரு கனத்தோடு இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அடுத்த ஷோ எப்போ?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"தெரியலை ஸார். இடம் கிடைச்சா."

ஆறு மாச ராத்திரிகள், இருபது நிமிஷம், அப்புறம் "இடம் கிடைச்சா". எழுதினவனுக்குக் காகிதம் மிஞ்சும். படம் போட்டவனுக்குச் சுவரில் ஒரு ஆணியாவது கிடைக்கும். நடனத்துக்குப் பார்க்க ஆள் வந்த அந்த ஒரு சாயங்காலம்தான். வீடியோ எடுக்கலாம், ஆனால் வீடியோவில் அந்த மூச்சு கேட்காது.

இந்த "இடம் கிடைச்சா" பழைய வார்த்தை. அமெரிக்காவிலும் சொல்லியிருக்கிறார்கள்.

1960-ல் நியூயார்க்கில் ராபர்ட் டன் என்பவர் நடனம் அமைப்பது பற்றி ஒரு வகுப்பு ஆரம்பித்தார். அவர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனப் பள்ளியில் பியானோ வாசித்தவர். முதலில் சேர்ந்த மாணவர்கள் ஐந்தே பேர். எது அழகு, எது அசிங்கம் என்று தீர்ப்புச் சொல்லாமல் "என்ன செய்தாய், எப்படிச் செய்தாய்?" என்று மட்டும் கேட்பது அவர் பழக்கம். மாணவர்களில் சிலர், இளம் நடன அமைப்பாளர்களுக்காக ஒரு பெரிய அரங்கத்தில் நடந்த தேர்வுக்குப் போய் ஆடிக் காட்டினார்கள். தேர்வாகவில்லை.

நம்மூராக இருந்தால் அப்பா, "பேங்க் பரீட்சை எழுதுடா" என்றிருப்பார். இவர்கள் வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜட்ஸன் நினைவு தேவாலயத்தில் போய்க் கேட்டார்கள். அங்கே கலை நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்ட ஆல் கார்மைன்ஸ் என்ற இளம் பாதிரியார், சரி, ஆடுங்கள் என்று இடம் கொடுத்தார்.

1962 ஜூலை 6. நல்ல புழுக்கம். அனுமதி இலவசம். சுமார் 300 பேர் வந்தார்கள். நிகழ்ச்சி மூன்று மணி நேரத்துக்கு மேல் போயிற்று. 14 பேர் அமைத்த 23 நடனங்கள். எடுத்த எடுப்பில் நடனமே இல்லை, பழைய காமெடி நடிகர் டபிள்யூ.ஸி. ஃபீல்ட்ஸ் படத் துண்டுகளையும் வேறு காட்சிகளையும் ஒட்டிப் போட்ட ஒரு சினிமா. அதற்கப்புறம் இவான் ரெய்னர் என்ற பெண் தான் குடியிருந்த தெருக்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே ஆடினார். ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற இளைஞர் அமைத்த நடனத்தில் நடப்பது உண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது உண்டு, ஒரு பேரிக்காய் சாப்பிடுவது உண்டு.

பேரிக்காய் சாப்பிடுவது நடனமா? நியாயமான கேள்வி. அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்வியும் நியாயமானது. நடப்பது, உட்காருவது, தின்பது எல்லாவற்றையும் செய்வது இதே உடம்புதானே? ராஜகுமாரியாக வேஷம் போட்டால்தான் அதைப் பார்ப்போம், பேரிக்காய் தின்றால் பார்க்க மாட்டோம் என்பது என்ன நியாயம்?

1962 முதல் 1964 வரை அந்தக் கோஷ்டி 16 நிகழ்ச்சிகள் நடத்தியது. 23 நடனங்களும் தேறினவா என்றால், எந்த ஊரிலும் 23-ல் 23 தேறியது கிடையாது. ஆனால் பேரிக்காய் பாக்ஸ்டன் 1972-ல் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் எடையைச் சாய்த்து, உருண்டு, தாங்கி ஆடும் ஒரு புது முறையை உண்டாக்கினார். இன்று அதை உலகம் பூராவும் கற்றுக்கொடுக்கிறார்கள். 2024-ல் காலமானார். ரெய்னர் 1966-ல் அமைத்த ஒரு சின்ன நடனம் பாடமாகவே ஆகிவிட்டது. 2018-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தக் கோஷ்டிக்காக ஒரு பெரிய கண்காட்சியே வைத்தது. தேர்வில் தள்ளிய கமிட்டியில் யார் யார் இருந்தார்கள் என்று இன்று யாரும் விசாரிப்பதில்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்" என்று சிலர் ஆரம்பிப்பது காதில் விழுகிறது. சரி, அடையாறுக்கு வாருங்கள். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் 31 வயது ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறி ஆடினார். அதுவரை பரம்பரையாகச் சில குடும்பத்துப் பெண்கள் மட்டும் ஆடி வந்த நாட்டியத்தை, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றுக்கொண்டு ஒரு பிராமண வீட்டுப் பெண் பொதுமேடையில் ஆடுவதா என்று ஊரே பேசியது. இன்று அதுதான் சம்பிரதாயம், மாமிகள் பெண்ணுக்கு அரங்கேற்றம் வைத்து அமெரிக்காவுக்கு வீடியோ அனுப்புகிறார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து அதே சென்னையில் சந்திரலேகா 1985-ல் 'அங்கிகா' செய்தார். காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் படித்தவர். பரதத்தோடு களரிப்பயட்டையும் யோகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாமி கதையெல்லாம் எதற்கு, உடம்பையே பாருங்கள் என்றார். அப்போதும் "இது பரதமா?" என்றார்கள். 2006-ல் அவர் மறைந்த பிறகும் பெசன்ட் நகர் கடற்கரையோரம் இருக்கும் அவருடைய இடத்தில் புதியவர்கள் வந்து நாடகமும் நடனமும் போட்டிருக்கிறார்கள். மேடையில் புரட்சி செய்ததைப் போலவே, போகும்போது ஒரு தரையை விட்டுப்போனதும் பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் எந்தக் கலையிலும் முதல் முயற்சி சுமாராகத்தான் இருக்கும். சுமாராக இருக்க இடம் கொடுக்காவிட்டால் இரண்டாவது முயற்சி வராது. சுமாராகக் கவிதை எழுதினவன் அதைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சுமாராக ஒரு நடனம் அமைத்தவனுக்கு அது சுமார் என்று தெரிவதற்கே ஒரு தரை, ஒரு விளக்கு, எதிரே உட்கார அறுபது பேர் வேண்டும். தரைக்கும் விளக்குக்கும் பணம் வேண்டும். அறுபது பேர் வருவதற்கு, நாம் வீட்டைவிட்டுக் கிளம்பினால் போதும்.

போனால் எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, அர்த்தம் தேடாதீர்கள். கிரிக்கெட்டில் கவர் டிரைவுக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்கிறோமா? கால் எங்கே போயிற்று, எடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்றுதானே பார்க்கிறோம்? இங்கேயும் அதையே பாருங்கள்.

இரண்டு, திரும்பத் திரும்ப ஒன்றையே செய்தால் கொட்டாவி விடாதீர்கள். ஐந்தாவது தடவை ஏதோ ஒன்று மாறியிருக்கும். அதைப் பிடித்துவிட்டால் ஆளையே பிடித்த மாதிரி.

மூன்று, நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டுச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து போகிறவரின் செருப்புச் சத்தம் ஆடுகிறவருக்கு நன்றாகக் கேட்கும்.

அப்படியும் புரியவில்லையா? முடிந்ததும் நேரே போய் அமைத்தவரையே கேட்டுவிடலாம். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாகப் பதில் சொல்வார். கம்பனிடமும் ஷேக்ஸ்பியரிடமும் நமக்கு அந்த வசதி கிடையாது.